டி வ்ரீஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது?

நான் பெரம்பூரில் பத்திர எழுத்தர். வீட்டுப் பத்திரத்துக்காக வரும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தார் சிலர், வேலை முடிந்ததும் மெதுவாகக் கேட்பார்கள்: "எங்க தாத்தா பேர்ல டி வ்ரீஸ்னு இருக்கு. அப்போ நாங்க டச்சுக்காரங்களா சார்?" தாய்ப்பத்திரம் தேடப் பழகியவர்களுக்கு இதுவும் கைவரும். கையில் இருக்கும் கடைசித் தாளில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். ஞானஸ்நானச் சான்று, திருமணப் பதிவு, ரயில்வே சர்வீஸ் புத்தகம், எதுவானாலும் சரி. நேரே 1600க்குத் தாவினால் வேறு யாருடைய முப்பாட்டனையோ கூட்டிக்கொண்டு வருவீர்கள்.

முதலில் அந்த 'டி'யைச் சந்தேகப்படுங்கள். சென்னையில் 'டி' என்று தொடங்கும் பெயர்களில் பெரும்பாலானவை போர்த்துகீசியப் பெயர்கள்: டிசோசா, டிகுரூஸ், டிசில்வா. டச்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே போர்த்துகீசியர்கள் சாந்தோமில் குடியேறிவிட்டார்கள். ஆகவே பின்னால் வரும் சொல்தான் முக்கியம். வ்ரீஸ் என்றால் நெதர்லாந்தின் வடக்கில் உள்ள ஃப்ரீஸ்லாந்தைச் சேர்ந்தவர். சொந்த ஊரை விட்டு வேறு ஊருக்குப் பிழைக்கப் போனவரை அக்கம்பக்கத்தார் அப்படிக் கூப்பிட்டு, பல குடும்பங்களில் அதுவே பெயராக நின்றுவிட்டது. அதனால் இந்தப் பெயருக்கு ஒரே மூதாதை கிடையாது. 2007 கணக்கில் நெதர்லாந்தில் சுமார் 71,000 பேருக்கு இந்தப் பெயர். டி யோங், யான்சன் இரண்டுக்கும் அடுத்த இடம். ஹார்லெமில் 1848இல் பிறந்த தாவரவியலாளர் ஹ்யூகோ டி வ்ரீஸ் இருக்கிறார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1643இல் ஜப்பானுக்கு வடக்கே கப்பல் ஓட்டிப்போன மார்ட்டன் கெரிட்ஸோன் வ்ரீஸும் இருக்கிறார். பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக இருவரையும் ஒரே வம்ச மரத்தில் எழுதிவிட முடியாது.

அந்த மாலுமியின் நடுப்பெயரைக் கவனியுங்கள். கெரிட்ஸோன் என்றால் கெரிட்டின் மகன். நாம் பத்திரத்தில் த/பெ என்று எழுதுவதை அவர்கள் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஓவியர் ரெம்பிராண்டின் முழுப்பெயர் ரெம்பிராண்ட் ஹார்மன்ஸோன் வான் ரைன்: அப்பா ஹார்மன், ரைன் நதியோரம் மாவு ஆலை வைத்திருந்தவர். பழைய தாள்களிலும் கல்லறைக் கற்களிலும் இது கெரிட்ஸ், யான்ஸ் என்று சுருங்கி, பின்னால் ஒரு புள்ளியோடு நிற்கும். குடும்பப் பெயர் எல்லோருக்கும் கட்டாயம் என்று நெப்போலியன் ஆணையிட்டது 1811இல்தான். அதற்கு முன் சாதாரண மனிதர்கள் பலருக்கு அப்பா பெயர் மட்டுமே உண்டு. மகன் காலத்தில் அதுவும் மாறிவிடும். எனவே 17ஆம் நூற்றாண்டு ஆளை 'வ்ரீஸ்' என்று மட்டும் தேடாதீர்கள். சொந்தப் பெயர், அப்பா பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

அப்புறம் பழவேற்காடு. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் பஸ் கிடைக்கும். டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடத்தில் இன்று பார்க்க அதிகமில்லை. டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள். உச்சிவெயிலில் எழுத்து தெரியாது. காலையிலோ சாயங்காலமோ போங்கள், இல்லையென்றால் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடியுங்கள். வெட்டின எழுத்தில் நிழல் விழும். சாக்பீஸ் தேய்க்கவே கூடாது. 'ஹீர் லெய்ட் பெக்ராவன்' என்றால் இங்கே அடக்கம். 'கோப்மன்' என்றால் கம்பெனி வணிகர். 'ஹெயிஸ்ஃப்ரவ் வான்' என்றால் இன்னாரின் மனைவி. அதற்கு முன்னால் இருப்பது அந்தப் பெண் பிறந்த வீட்டுப் பெயர். பாட்டி வழியைப் பிடிக்க இது பெரிய உதவி. கல் தேய்ந்திருந்தால், ஜே. ஜே. காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறை வாசகத் தொகுப்போடு ஒப்பிடுங்கள். கல்பாக்கம் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள்ளும் டச்சுக் கல்லறைகள் உண்டு.

மிச்சத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகம், 18ஆம் நூற்றாண்டில் கம்பெனிக் கப்பல்களில் வந்தவர்களின் சம்பளப் பேரேடுகளை இலவசமாகத் தேட வைத்திருக்கிறது. ஆளின் ஊர், கப்பல், பதவி, வேலை முடிந்த காரணம் வரை கிடைக்கும். ஊரைக் கண்டிப்பாகப் பாருங்கள். கம்பெனி ஆட்களில் ஜெர்மானியர்கள் ஏராளம். டச்சுப் பட்டியல்களில் 'டி', 'வான்' எல்லாம் அகரவரிசையில் சேராது, வ்ரீஸ் என்ற சொல்லின் முதல் எழுத்தில்தான் தேட வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் டச்சு ஆவணங்கள் என்று இருப்பவை பெரும்பாலும் கொச்சியைச் சேர்ந்தவை. நம் கரையோரக் குடும்பத்துக்கு அதைவிடக் கொழும்பு மேல்: வோல்வென்டால் டச்சுத் தேவாலயப் பதிவேடுகளையும், இலங்கையில் உள்ள டச்சு வம்சாவளியினரின் சங்கமான டச்சு பர்கர் யூனியன் தன் இதழில் அச்சிட்ட வம்சாவளிகளையும் பாருங்கள்.

கடைசியாக 'வான்' பற்றி. 'வான்' என்றதும் பிரபு வம்சம் என்று சிலர் மகிழ்ந்துபோகிறார்கள். 'இந்த ஊரிலிருந்து' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. டச்சுக் கம்பெனி ஆண்ட தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிப் பதிவேடுகளில் 'வான் பெங்காலன்', 'வான் டி குஸ்ட்' என்று இருப்பவர்கள் வங்காளத்திலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். ஏஞ்சலா வான் பெங்காலா 1666இல் விடுதலை பெற்று, மூன்று வருடம் கழித்து அங்கே ஒரு கம்பெனிக்காரரை மணந்தார். அவர் வழியில் பெரிய வம்சமே உண்டு. உங்கள் தேடலில் 'வான்' பக்கத்தில் இந்திய ஊர்ப் பெயர் வந்தால், ஐரோப்பியப் பட்டியல்களை மூடிவிட்டுக் கேப் நகரத்து ஞானஸ்நானப் பதிவுகளைத் திறங்கள்.