தும்பையைத் தும்பைதான் என்று எப்படி உறுதி செய்வது?

வெள்ளைவெளேர் என்று எதைப் பார்த்தாலும் தும்பைப்பூ மாதிரி என்று சொல்லிச் சொல்லியே, வெள்ளையாகச் சிறியதாகப் பூத்த செடி எல்லாமே தும்பை என்று ஆகிவிட்டது. நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். தண்டிலிருந்து தொடங்கினால் ஏமாற மாட்டீர்கள்.

தேட வேண்டியது மண்ணைக் கிளறிப் போட்ட இடங்களில். உழுதுவிட்டு அப்படியே விட்ட தரிசு, வரப்போரம், பாதையோரம், பள்ளம் தோண்டிக் குவித்த மண்மேடு, இப்படி வெயில் நன்றாக விழுகிற இடமாக இருக்க வேண்டும். மழை பெய்து சில வாரங்கள் கழித்துப் போங்கள். முழங்கால் உயரம் வந்தாலே அது பெரிய செடி, காய்ந்த மண்ணில் ஒரு சாண் உயரத்திலேயே பூத்துவிடும்.

படி 1: தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். உருளாமல் நாலு பட்டையாகத் தட்டுப்பட்டால் சரி, துளசியும் புதினாவும் இருக்கிற குடும்பத்துக்கு வந்துவிட்டீர்கள்.

படி 2: இலைகள் எதிரெதிராக இருக்கும், ஒரு ஜோடிக்கு மேல் அடுத்த ஜோடி குறுக்கே திரும்பி நிற்கும். ஒடுங்கி நீண்ட இலை, கூடிப்போனால் 8 செ.மீ. நீளம். தடவினால் சொரசொரப்பு தெரியும். அறிவியல் பெயர் லூகாஸ் ஆஸ்பெரா, அதில் ஆஸ்பெரா என்றால் லத்தீனில் சொரசொரப்பானது என்றுதான் பொருள்.

படி 3: இப்போது பூ. கணுவைச் சுற்றிப் பச்சைக் கிண்ணங்கள் பந்து போல நெருங்கியிருக்கும், அதில் ஒரு சில மட்டுமே அன்றைக்கு விரிந்திருக்கும். ஒன்றே ஒன்றை உருவி எடுத்துப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேலுதடு சின்ன முக்காடு போலக் குவிந்து, அதன்மேல் வெள்ளைப் பஞ்சு ரோமம் அடர்ந்திருக்கும். கீழுதடு மூன்றாகப் பிரிந்து, நடு மடல் மட்டும் பெரிதாக விரிந்து தொங்கும், தேனீ வந்து உட்காரும் இடம் அதுதான். முக்காட்டுக்குள் நாலு மகரந்தத்தாள்கள், இரண்டு நீளம், இரண்டு குட்டை.

படி 4: இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். பூவை உருவிய பிறகு செடியில் நிற்கிற பச்சைக் கிண்ணத்தை, அதாவது புல்லிவட்டத்தை, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். லென்ஸ் இல்லையா, போனில் கிட்டே வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கினாலும் போதும். கிண்ணத்தின் வாய் நேராக வெட்டியது போல இருக்காது, சாய்வாக இருக்கும். மேல் விளிம்பு முன்னே நீண்டிருக்கும், ஓரத்தில் பொடிப்பொடியாகப் பற்கள், அவற்றில் மேலே இருப்பதுதான் பெரிது. பூ உதிர்ந்த பின்பும் இந்தக் கிண்ணம் செடியிலேயே நிற்பதால், பூவே இல்லாத நாளிலும் இதை வைத்து நெருங்கிவிடலாம். எனக்கு இந்தச் செடியில் ரொம்பப் பிடித்ததே இந்தச் சாய்ந்த வாய்தான்.

படி 5: குழப்புகிறவற்றைக் கழித்துவிடுங்கள். கவிழ்தும்பைக்குப் பெயரில் மட்டுமே தும்பை, அதன் பூ வெளிர்நீலமாக ஐந்து இதழோடு தலைகவிழ்ந்து தொங்கும், உதடே கிடையாது, குடும்பமும் வேறு. பெருந்தும்பை நிஜமாகவே உறவு. ஆனால் அதன் பூப்பந்து கொழுத்துப் பெரிதாக இருக்கும், அடியில் இலை போன்ற அகலமான செதில்களும் இருக்கும். தரையில் படர்ந்து, கணுவுக்கு இரண்டே பூ வைத்திருந்தால் அது இதே இனத்தில் இன்னொரு வகை.

அப்புறம், யாரிடமாவது கேட்டு உறுதி செய்ய நினைத்தால் பூவை மேலிருந்து எடுத்த ஒரே படத்தை அனுப்பாதீர்கள், அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. தண்டு, இலை ஜோடி, பூ பக்கவாட்டில், கிண்ணத்தின் வாய் என்று நாலு படம் எடுங்கள். செடியைப் பிடுங்க வேண்டாம். ஓராண்டுச் செடி, அடுத்த மழைக்கு அந்த இடத்தில் முளைக்க வேண்டியது இதன் விதைதான். காய்ந்த கிண்ணம் ஒன்றை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள், பழுப்பு நிறத்தில் நாலு விதைகள் வரை விழும். பார்த்துவிட்டு அங்கேயே தூவிவிடுங்கள்.