வெளிப்புறக் கேமராவை மழைக்கும் ஆடிக் காற்றுக்கும் தாங்கும்படி பொருத்துதல்

வெளிச்சுவரில் மாட்டிய கேமரா ஒரு மழையோடு நின்றுபோனால் நாம் முதலில் கேமராவைத்தான் குறை சொல்கிறோம். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அதன் உள்பக்கம் காய்ந்தே இருக்கும். பின்னால் தொங்கும் சாண் நீள வாலும், அந்த வாலின் நுனியில் வீட்டு வயரோடு சேரும் இணைப்பும்தான் நனைந்து கெட்டிருக்கும். அட்டைப் பெட்டியில் ஐபி66 அல்லது ஐபி67 என்று அச்சிட்டிருப்பது கேமராவின் கூட்டுக்குள் தூசியும் நீரும் புகாது என்பதைச் சொல்கிறதே ஒழிய, வாலின் நுனியில் திறந்து கிடக்கும், படம் போகும் பிஎன்சி முனைக்கோ மின்சாரம் வரும் டிசி ஜாக்குக்கோ அது பொறுப்பேற்பதில்லை.

திருநெல்வேலிச் சீமையில் இந்த வேலையைச் செய்கிறவர் மழையை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டால் போதாது. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைக்கு அப்பால் மழை கொட்டிக் குற்றாலத்தில் சாரல் விழும்போது, பாளையங்கோட்டையிலும் வள்ளியூரிலும் பணகுடியிலும் நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்று மட்டுமே. அது வாரக்கணக்கில் விடாமல் வீசிக் கேமராவின் கையை ஆட்டி ஆட்டித் திருகுகளைத் தளர்த்திவிடும். சித்திரை வெயில் டேப்பையும் வயரின் மேல்தோலையும் இளக்கி வெடிக்கச் செய்யும். இந்த இரண்டும் திறந்துவைத்த வழியாகத்தான் ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே போகிறது. உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

ஆகவே இடத்தைத் தேர்வதிலிருந்தே தொடங்க வேண்டும். சன்ஷேடுக்கு அடியிலோ போர்ட்டிகோவின் உள்முகத்திலோ மாட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. மாடிக் கைப்பிடிச்சுவரின் வெளிமுகத்தில்தான் மாட்ட வேண்டும் என்றால், மேலிருந்து நீர் வழிந்த கறை இருக்கும் இடத்தைத் தவிர்த்து விடுங்கள். சென்ற ஆண்டு நீர் வழிந்த தடத்திலேயே இந்த ஆண்டும் வழியும். வயருக்காகச் சுவரில் துளை போடும்போது டிரில்லை வெளியிலிருந்து உள்ளே சற்று மேல்நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் துளைக்குள் புகும் நீர் வீட்டுக்குள் இறங்காமல் வெளியே வழிந்துவிடும்.

திருநெல்வேலி டவுன் பக்கத்துப் பழைய காரைச் சுவர்களில் பிளாஸ்டிக் பிளக் பிடிப்பதாகத் தோன்றினாலும் ஒரு காற்றுக்காலம் கூடத் தாங்காது. அத்தகைய சுவரில் நீளமான பிளக்கைக் காரையைத் தாண்டிச் செங்கல்வரை இறக்க வேண்டும். அதிலும் ஐயமிருந்தால் ஒரு மரப்பலகையையோ இரும்புத் தகட்டையோ நான்கு மூலைகளிலும் ஆழமாகத் திருகி, அதன்மேல் கேமராவை மாட்டலாம். கேமராவோடு வரும் திருகுகள் பெரும்பாலும் முலாம் பூசிய சாதா இரும்புதான். அவற்றை ஒதுக்கிவிட்டு எவர்சில்வர் திருகுகளை வாங்குங்கள். உள்நாட்டு ஊர்களுக்கு 304 ரகம் போதும், கடலோரத்துக்கு 316 ரகமே தாங்கும். கையின் கோணத்தை இறுக்கும் திருகுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர் போட்டால் ஆடிக் காற்றில் கேமரா தலை குனியாது. அடித்தட்டு சுவரோடு சேரும் விளிம்பில் மேல்பக்கமும் இரு பக்கவாட்டிலும் சிலிகான் பூசி, கீழ்விளிம்பை மட்டும் பூசாமல் விட வேண்டும்.

கீழே ஏன் விட வேண்டும் என்பதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பெருமாள்புரத்தில் ஒரு வீட்டில், வயர் இணைப்புகளை உள்ளே வைக்கும் ஜங்ஷன் பாக்ஸை நான்கு பக்கமும் சிலிகானால் அடைத்து, இனி ஒரு சொட்டு நீர் போகாது என்ற திருப்தியோடு வந்தேன். கார்த்திகையில் படம் போய்விட்டதென்று கூப்பிட்டார்கள். ஏணியில் ஏறி மூடியைக் கழற்றியதும் உள்ளே தேங்கியிருந்த நீர் என் சட்டைக் கைக்குள் இறங்கியது, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஆச்சி, "ஏய்யா, உள்ள கெணறு வெட்டி வச்சிருக்கியோ?" என்று கேட்டார். வயரின் உறை வழியாகவும், பகலில் சூடேறி இரவில் குளிரும்போது பாக்ஸ் இழுத்துக்கொள்ளும் ஈரக்காற்று வழியாகவும் நீர் எப்படியும் உள்ளே வரும். வந்த நீருக்கு வெளியேற வழி வேண்டும். பாக்ஸின் அடிப்பக்கத்தில் 3 மி.மீ. அளவில் ஒரு சிறு துளை போட்டு, எறும்பும் குளவியும் நுழையாதபடி அதன்மேல் கொசுவலைத் துண்டை ஒட்டினால் போதும்.

வயர் எப்போதும் பாக்ஸின் அடிப்பக்கத்திலிருந்தே நுழைய வேண்டும், அதுவும் வயரை இறுக்கிப் பிடிக்கும், ரப்பர் வளையம் உள்ள கிளாண்ட் வழியாக. நுழைவதற்கு முன் வயரைப் பாக்ஸுக்குக் கீழே ஒரு சாண் தொங்கவிட்டு வளைத்து மேலே கொண்டுவந்தால், வயரின்மீது வழியும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், மேலே ஏறாது. இந்த வளைவைத் தவிர்த்துவிட்டு எத்தனை டியூப் சிலிகானைக் கொட்டினாலும் பயனில்லை என்பதே என் கருத்து.

இனி இணைப்பு. மின்சாரம் ஓடும் இணைப்பில் ஈரம் பட்டால் அது வெறும் துரு அல்ல. 12 வோல்ட் டிசியோ, நெட்வொர்க் வயரிலேயே வரும் 48 வோல்ட் பிஓஇயோ அந்த ஈரத்தின் வழியாகப் பாய்ந்து, பாசிட்டிவ் முனையின் செம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடும். பூஜைச் செம்பில் ஏறுவது போன்ற பச்சைக் களிம்பை அந்த முனையில் பார்க்கலாம். ஆகவே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றி விடாதீர்கள். நம் ஊர் வெயிலில் அதன் பசை உருகி, டேப் தானாகவே அவிழ்ந்துவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை வாங்கி, ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும்படி இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். கீழிருந்து மேலே சுற்றினால் ஓடு வேய்ந்ததுபோல மேல்சுற்று கீழ்ச்சுற்றை மூடி நீரை வழியவிடும். அதன்மேல் வெயிலுக்காக இன்சுலேஷன் டேப் ஓர் அடுக்கு போதும்.

இணைப்பின்மேல் சிலிகான் பூசுவதாக இருந்தால், காடி வாசனை அடிக்கும் வகையைத் தொடவே வேண்டாம். உலரும்போது அது விடும் அமிலமே செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். நெட்வொர்க் வயரில் இயங்கும் ஐபி கேமராக்களோடு, அந்த வயரின் ஆர்ஜே45 முனைக்கான பிளாஸ்டிக் மூடி ஒன்று நட்டும் ரப்பர் வளையமுமாகப் பொட்டலத்தில் வரும். பலர் அதைத் தேவையில்லாத சாமான் என்று அட்டைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். முனையை வயரில் அழுத்திப் பொருத்துவதற்கு (கிரிம்ப் செய்வதற்கு) முன்பே அதன் பாகங்களை வயரில் கோத்துவிட வேண்டும். பின்னால் நினைவு வந்தால் முனையை வெட்டுவதைத் தவிர வழியில்லை.

வயரில் கறுப்பு மேல்தோல் உள்ள வெளிப்புற ரகத்தையும், உள்ளே முழுச் செம்பு உள்ளதையும் கேட்டு வாங்க வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் விலை குறைவுதான். ஈரம் பட்டால் முனையில் முறிந்து உதிர்கிறது. பிவிசி பைப்பில் வயர் கொண்டுவந்தால் வெளியில் முடியும் வாயைப் பெண்ட் போட்டுக் கீழ்நோக்கித் திருப்பி விடுங்கள். மொட்டைமாடி வழியாக நீளமாக ஓடும் வயருக்கு, இடி மின்னலை எண்ணி, திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் முறையான எர்த்தும் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒருவர் படத்தைப் பதிவுசெய்யும் டிவிஆரின் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் ஹோஸ் பைப்பால் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பத்து நிமிடம் நீரை அடித்துப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 செ.மீ. பெய்த அந்த மழையைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சோதனை அதிகமென்று தோன்றாது. இதைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஏற்கெனவே நனைந்து களிம்பேறிய இணைப்பைத் துடைத்து மறுபடி மாட்டுவது வீண்வேலை. மேல்தோலுக்குள் புகுந்த நீர் வயரின் நீளத்துக்கு ஊர்ந்து போயிருக்கும் என்பதால், செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். அப்படி வெட்டுவதற்காகவே முதல் நாளிலேயே ஒரு முழம் வயரை மிச்சமாகச் சுருட்டி விட்டிருக்க வேண்டும்.