பெட்டி உடைந்து வந்தால்: வான் ஏறுமுன் கவனிக்க வேண்டியவை

கட்டுநாயக்கா விமானநிலையத்தில் இறங்கும்போது வெளியே வான் வண்டி நிற்கும். மச்சான் மூன்று தடவை அழைப்பு எடுத்திருப்பார், விடியுமுன் யாழ்ப்பாணம் போய்ச் சேரவேண்டும். பெல்ட்டில் வரும் சூட்கேசின் ஒரு சில்லைக் காணவில்லை, மூலை வெடித்திருக்கிறது. "சரி, வீட்ட போய்ப் பாப்பம்" என்று தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். பெரும்பாலானோருக்கு நட்டஈடு கைவிட்டுப் போவது இந்த இடத்தில்தான். முறைப்பாடு சொல்லாமல் பெட்டியை எடுத்தால், அது நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டதாகவே சட்டம் முதலில் கொள்ளும். இல்லை என்று காட்டுவது அதன்பின் உங்கள் பாடு.

ஆகவே சுங்கத்தைத் தாண்டுமுன், பெல்ட்டுக்கு அருகில் இருக்கும் பயணப்பொதி கவுண்டருக்குப் போங்கள். பி.ஐ.ஆர். எனப்படும் பொதிச் சேத முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு ஐந்து எழுத்தும் ஐந்து இலக்கமும் கொண்ட ஓர் எண் தருவார்கள். அது இல்லாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். "இணையத்தில் போட்டால் போதும்" என்று அனுப்பிவிடப் பார்ப்பவர்களும் உண்டு, அசையவேண்டாம். பெட்டியில் ஒட்டிய பட்டியைக் கிழிக்காமல், அதுவும் உடைந்த இடமும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுங்கள். போர்டிங் பாசையும் எறிந்துவிடாதீர்கள்.

படிவம் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருக்கவும் முடியாது. சர்வதேசப் பயணங்களுக்குப் பொருந்தும் 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைப்படி, சேதம் பற்றிய முறைப்பாடு பெட்டி கைக்கு வந்து 7 நாட்களுக்குள் எழுத்தில் போகவேண்டும். கலியாணவீடு, நல்லூர்த் திருவிழா என்று ஓடித்திரியும்போது 7 நாள் தெரியாமலே போய்விடும். முதல் இரண்டு நாளுக்குள் பெட்டியை முழுதாகத் திறந்து, உள்ளே உடைந்ததையும் பார்த்து, பி.ஐ.ஆர். எண்ணைப் போட்டு விமான நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பெட்டி பிந்தி வந்திருந்தால் அது வந்த நாளிலிருந்து 21 நாள் அவகாசம் உண்டு. இடையில் வாங்கிய உடுப்புகளுக்கான பற்றுச்சீட்டுகளை வைத்திருங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு உச்ச வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. சுமாராக 2,000 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். இது பெட்டிக்கு இவ்வளவு என்ற கணக்கு இல்லை, ஆளுக்கு இவ்வளவு. எல்லோருக்கும் அப்படியே தூக்கிக் கொடுக்கும் தொகையும் இல்லை. நிரூபித்த இழப்புக்குத்தான் பணம். ஐந்து வருடம் பாவித்த சூட்கேசுக்குப் புதுப்பெட்டியின் விலையைக் கேட்டால் தேய்மானம் கழிப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. பற்றுச்சீட்டு இல்லையென்றால் வங்கி அட்டைக் கணக்கு விபரமாவது கொடுங்கள். பெட்டி திருத்தும் கடையில், திருத்த எவ்வளவு ஆகும் அல்லது திருத்தவே முடியாது என்று கடையின் பெயர் போட்ட தாளில் எழுதி வாங்குவதும் நன்றாக உதவும்.

அடுத்து வருவது வழக்கமான பதில்: "சில்லு, கைப்பிடி, ஸிப் எல்லாம் சாதாரணத் தேய்மானம், நாங்கள் பொறுப்பில்லை." உடன்படிக்கை விமான நிறுவனத்தை விடுவிப்பது, சேதம் பொதியின் சொந்தக் குறைபாட்டால் ஏற்பட்ட அளவுக்கு மட்டுமே. கீறலுக்கும் அழுக்குக்கும் சண்டை பிடிப்பதில் பயனில்லை. முழுச் சில்லு பிய்ந்து வந்தால் அது கீறல் இல்லை. அந்த வேறுபாட்டைப் படத்தோடு எழுதுங்கள். பணத்துக்குப் பதிலாக வவுச்சரோ மலிவுப் பெட்டியோ தந்தால், ஒப்பமிடுமுன் அதில் "இத்துடன் கோரிக்கை முடிந்தது" என்ற வரி இருக்கிறதா என்று வாசியுங்கள்.

லண்டனிலிருந்து டோகா வழியாக, ரொறன்ரோவிலிருந்து இரண்டு இடம் மாறி என்று வருபவர்களை ஒரு நிறுவனம் மற்றதைக் கைகாட்டி அலைக்கழிக்கும். எல்லாம் ஒரே டிக்கெட் என்றால், முதல் நிறுவனம், கடைசி நிறுவனம், சேதம் நடந்த பகுதியில் ஏற்றிய நிறுவனம் ஆகிய மூன்றில் எதனிடமும் கேட்கலாம். கடைசியாக ஏற்றியவரிடம் கேட்பதே நடைமுறையில் சுலபம். சென்னை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமானநிலையத்துக்கு வேறு டிக்கெட் என்று வாங்கியவர்கள் சென்னையிலேயே பெட்டியைச் சுற்றிப் பார்க்கவேண்டும். பலாலியில் கண்டுபிடித்தால் யார் உடைத்தது என்பது முடிவில்லாத வழக்கு.

பதில் வரவில்லை என்று சோர்ந்துவிட வேண்டாம், வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது. போய்வரும் டிக்கெட் என்றால் பயணத்தின் முடிவிடம் நீங்கள் புறப்பட்ட ஊர்தான். அதனால் கொழும்பு நீதிமன்றத்துக்கு அலையாமல் நீங்கள் வாழும் இடத்துச் சிறு கோரிக்கை நீதிமன்றத்திலேயே போடலாம். கனடாவில் இருப்பவர்கள், நிறுவனத்துக்கு எழுதி 30 நாளில் தீராவிட்டால், கனடியப் போக்குவரத்து முகவரகத்திடம் முறையிடலாம். பயணக் காப்புறுதி இருந்தால் அதையும் பாருங்கள், ஆனால் அதற்கும் பி.ஐ.ஆர். கேட்பார்கள்.

திரும்பும் பயணம்தான் இன்னும் வில்லங்கம். மிளகாய்த்தூள், பனங்கட்டி, ஊறுகாய்ப் போத்தல் என்று அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு போனால், பொதி பலவீனம் என்று சொல்லி ஒரு பட்டியில் கையெழுத்துக் கேட்பார்கள். போத்தல் உடைந்தால் நட்டஈடு கேட்பது அதன்பின் கடினம். அதனால் ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி உறுதியான பெட்டியில் வையுங்கள். நகை, மடிக்கணினி, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பைக்குள் போகட்டும்.