சாபா தீவுக்குச் செல்ல இரண்டு வழிகள்: வானும் கடலும்

கரீபியன் கடலின் வடகிழக்கு மூலையில் 13 சதுர கிலோமீட்டர் பரப்பளவே கொண்ட சாபா, கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும் ஓர் எரிமலையின் உடல். ஏறத்தாழ 2,000 பேர் வாழும் இத்தீவு 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியாக இருந்து வருகிறது. நாலாபுறமும் செங்குத்துப் பாறைகளாக இருப்பதால் பெரிய விமானம் இறங்கவும் வழியில்லை, பெரிய கப்பல் அணையவும் இடமில்லை. எனவே, உலகின் எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் முதலில் வடக்கே 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிண்ட் மார்ட்டின் தீவை அடைந்து, அங்கிருந்து சிறு விமானத்திலோ படகிலோ சாபாவுக்குச் செல்வதே வழக்கமான முறை. கடைசியாகக் கடக்க வேண்டிய இந்த 45 கிலோமீட்டர்தான் பயணத்தின் கடினமான பகுதி என்பதால், திட்டமிடுவதை அங்கிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவது நல்லது.

முதலில் விசா. நெதர்லாந்துக்குச் சொந்தமான இடம்தானே, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா போதும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள், அது தவறு. சாபாவும் சிண்ட் மார்ட்டினும் ஷெங்கன் பகுதிக்கு வெளியே உள்ளவை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் நெதர்லாந்துத் தூதரகத்தின் வழியாகக் ‘கரீபியன் விசா’ என்ற தனி விசாவைப் பெற வேண்டும். அருபா, குராசோ, சிண்ட் மார்ட்டின், பொனேர், சிண்ட் யூஸ்டேஷியஸ், சாபா ஆகிய ஆறு தீவுகளுக்கும் அந்த ஒரே விசா செல்லும். வேறு சில நாடுகளின் விசாவோ குடியிருப்பு அனுமதியோ வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தப் பட்டியல் அவ்வப்போது மாறுவதால், பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைக் காகிதத்திலும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேரடி விமானம் கிடையாது. ஆம்ஸ்டர்டாம் அல்லது பாரிஸ் வழியாகச் செல்வதுதான் தமிழ்நாட்டிலிருந்து புறப்படுவோருக்கு இயல்பான பாதை. அங்கிருந்து சிண்ட் மார்ட்டினுக்கு ஏறக்குறைய 9 மணி நேரம் பறக்க வேண்டும். அமெரிக்கா வழியாகவும் செல்லலாம், ஆனால் விமானம் மாறுவதற்காக மட்டும் அங்கு இறங்கினாலும் இந்தியக் குடிமக்களுக்கு அமெரிக்க விசா தேவை. ஏற்கெனவே அந்த விசா கையில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான் அந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். டொரண்டோவில் வாழும் தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. குளிர்காலத்தில் அங்கிருந்து சிண்ட் மார்ட்டினுக்கு நேரடி விமானங்களே உண்டு.

பன்னாட்டு விமானங்கள் இறங்கும் பிரின்சஸ் ஜூலியானா விமான நிலையம் தீவின் டச்சுப் பகுதியில் இருக்கிறது. 2017 செப்டம்பரில் வீசிய இர்மா புயலில் இதன் முனையம் கடுமையாகச் சேதமடைந்து, பின்னர் புதுப்பிக்கப்பட்டது. நுழைவதற்கு முன் இணையவழிக் குடிநுழைவுப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வரும் விமானங்கள் பெரும்பாலும் பிற்பகலில் இறங்குகின்றன. சாபா ஓடுபாதையிலோ பகல் வெளிச்சத்தில் மட்டுமே பயணிகள் விமானங்கள் இயங்குகின்றன. இறங்கிய அன்றே சாபாவைத் தொட்டுவிடலாம் என்று ஒன்றரை மணி நேர இடைவெளியில் அடுத்த விமானத்தைப் பதிவு செய்வது, முதல் விமானம் சற்றுத் தாமதமானாலும் இரண்டாவதைக் கோட்டைவிடுவதற்கே வழிசெய்யும். ஓர் இரவு சிண்ட் மார்ட்டினில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் புறப்படுவதே மேல். விடுதிச் செலவு கூடத்தான் செய்யும், ஆனாலும் மன நிம்மதிக்கு அது அதிகமில்லை.

வான்வழியாகச் செல்வோருக்கு வின்ஏர் நிறுவனத்தின் ட்வின் ஆட்டர் விமானம் காத்திருக்கும். 19 பேர் அமரக்கூடிய, இரட்டை உந்துவிசிறி கொண்ட அந்த விமானத்தில் பயணம் கால் மணி நேரம்கூட ஆகாது. பயணிகளையும் பெட்டிகளையும் எடை பார்த்தே ஏற்றுவார்கள். காற்றும் வெப்பமும் சாதகமாக இல்லாத நாளில் பெரிய பெட்டிகள் அடுத்த விமானத்தில் பின்தொடர்ந்து வருவதும் உண்டு. ஆகவே, பெரிய பெட்டியை முந்தைய இரவு தங்கிய விடுதியிலேயே கேட்டு வைத்துவிட்டு, மூன்று நாள் துணியை மென்மையான பையில் எடுத்துச் செல்வது புத்திசாலித்தனம். மருந்து, கடவுச்சீட்டு, பணம் மூன்றும் கைப்பையை விட்டு அகலக்கூடாது.

சாபாவின் ஓடுபாதை ஏறத்தாழ 400 மீட்டர் நீளமே உள்ளது. பயணிகள் விமானச் சேவை நடைபெறும் ஓடுபாதைகளில் உலகிலேயே மிகக் குறுகியது என்று சொல்லப்படுவது இதுதான். பழைய எரிமலைக் குழம்பு கடலுக்குள் வழிந்து உறைந்த ‘ஃபிளாட் பாயிண்ட்’ என்ற தட்டையான முனையில் அது கிடக்கிறது. இரு முனைகளும் நேராகக் கடலை நோக்கி இறங்குகின்றன. சாபாவாசிகள் கைகளாலேயே பாறைகளை அகற்றிச் சமன்படுத்திக் கொடுத்த அந்தத் தரையில், 1959 பிப்ரவரியில் செயின்ட் பார்ட்ஸ் தீவைச் சேர்ந்த ரெமி தெ ஹேனன் என்ற விமானி முதன்முதலாக இறங்கிக் காட்டினார். முறையான விமான நிலையம் 1963இல் திறக்கப்பட்டது. இறங்கும்போது வலப்பக்கச் சன்னலோரம் அமர்ந்திருந்தால், இறக்கையின் நுனிக்கு அப்பால் பச்சை படர்ந்த பாறைச்சுவர் மிக அருகில் நழுவிச் செல்வதைப் பார்க்கலாம். விமானி அறைக்கும் பயணிகளுக்கும் இடையே கதவு பெரும்பாலும் மூடப்படாததால், முன்வரிசையில் அமர்ந்தவர்கள் விமானியின் தோளுக்கு மேலாக அந்தச் சிறு கருங்கோடு பெரிதாகி வருவதையும் காணலாம். சக்கரம் தரையைத் தொட்டதும் உந்துவிசிறிகள் எதிர்த்திசையில் இழுக்கும். உடல் முன்னால் தள்ளப்படும். பல நாட்களில் பாதிப் பாதை மீதமிருக்கும்போதே விமானம் நின்றுவிடும். அஞ்சுவோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இங்கு இறங்கும் விமானிகள் இந்த ஓடுபாதைக்கெனத் தனிப் பயிற்சி பெற்றவர்கள், காற்று ஒத்துவராவிட்டால் இறங்காமல் திரும்பிவிடுவதே அவர்களின் வழக்கம். அப்படித் திரும்புவது பயணிக்கு எரிச்சலூட்டலாம். குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

கடல்வழியாகச் செல்ல விரும்புவோர் ஃபிலிப்ஸ்பர்க் நகரின் கிரேட் பே கரையிலிருந்து புறப்படும் மக்கானா விரைவுப் படகில் ஏற வேண்டும். பயணம் ஒன்றேகால் மணி நேரம் அளவில் நீடிக்கும். படகு வாரத்தின் எல்லா நாட்களிலும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறுவதால், விடுதியைப் பதிவு செய்வதற்கு முன் படகு ஓடும் நாட்களை உறுதிசெய்துகொள்ளுங்கள். விமான நிலையப் பக்கமிருந்து ஃபிலிப்ஸ்பர்க்குக்குக் காரில் செல்பவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும்: வழியிலுள்ள சிம்ப்சன் பே தூக்குப்பாலம் பாய்மரப் படகுகளுக்காகத் திறக்கப்படும் வேளைகளில் சாலை அப்படியே நின்றுபோகும். கடவுச்சீட்டுச் சோதனை படகுத்துறையிலும் உண்டு என்பதால் ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்றுவிடுவது நல்லது.

இங்கே காற்றைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். இப்பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வணிகக்காற்று வீசுகிறது. சாபா தென்மேற்குப் பக்கமாக இருப்பதால் போகும்போது அலை பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது படகு அதே அலையை எதிர்த்து மோதிக்கொண்டு வர வேண்டும். போகும்போது சிரித்துப் பேசிக்கொண்டு சென்றவர்கள் திரும்புகையில் பையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பது இதனால்தான். எனவே, இரண்டையும் அனுபவிக்க விரும்புவோருக்கு என் பரிந்துரை, போகும்போது படகு, திரும்பும்போது விமானம் என்பதே. குமட்டல் வருபவர்கள் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, படகின் பின்பகுதியில், அடித்தளத்தில் அமர்ந்து, தொடுவானத்தைப் பார்த்தபடி வர வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு போடும் மாத்திரையால் பயனில்லை. வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது.

ஆழ்கடலில் மூழ்கிப் பார்ப்பதற்காகவே சாபாவுக்கு வருவோர் பலர். அவர்களுக்கு மட்டும் மேலே சொன்னது பொருந்தாமல் போகலாம். பலமுறை மூழ்கியவர்கள் அதன்பின் குறைந்தது 18 மணி நேரம் விமானத்தில் ஏறக்கூடாது என்பது பொதுவான விதி. கடைசி நாள்வரை கடலில் இறங்க நினைப்பவர்கள் படகிலேயே திரும்பலாம். மூழ்கிய கையோடு 850 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மவுண்ட் சீனரி மலையில் ஏறுவதும் உடலுக்கு விமானப் பயணம் போன்ற தீங்கையே விளைவிக்கும் என்பதால், 1,064 படிகள் கொண்ட அந்த ஏற்றத்தை முதல் நாளிலோ, போதிய ஓய்வுக்குப் பிறகோ வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தப் பாய்மரப் படகில் வருவோர் ஃபோர்ட் பே துறைமுக அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, 1987 முதல் தீவைச் சுற்றியுள்ள கடற்பூங்காவின் மிதவைகளில் படகைக் கட்டிக்கொள்ளலாம். கரையிலிருந்து சற்று விலகினாலே கடல் ஆழமாகிவிடுவதால் நங்கூரம் போடுவதை நம்பி வர வேண்டாம். ஜூன் முதல் நவம்பர் முடியப் புயற்காலம் என்பது எல்லா வழிக்கும் பொது.

படகு அணையும் ஃபோர்ட் பேயில் பாலத்துறை கட்டப்பட்டது 1972இல்தான். அதற்கு முன்பு அலை தணியும் கணம் பார்த்துச் சிறு படகிலிருந்து பாறைக்குத் தாவ வேண்டும். மேற்குக் கரையில் பாறையில் வெட்டிய 800 படிகளில் மூட்டை முடிச்சுகளைத் தலையில் சுமந்து ஏற வேண்டும். அந்தப் படிகள் இன்றும் இருக்கின்றன. இந்தச் சரிவில் சாலை போட முடியாது என்று டச்சுப் பொறியாளர்கள் கைவிரித்தபோது, ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாசல் என்ற உள்ளூர்க்காரர் அஞ்சல்வழியில் பொறியியல் படித்து, ஊராரைக் கொண்டு கைவேலையாகவே சாலையை அமைத்தார். துறைமுகத்திலிருந்து தலைநகர் தி பாட்டம் வரையிலான பகுதி 1943இல் முடிந்தது. முதல் வண்டி வந்திறங்கியது 1947இல். துறையிலிருந்து நீங்கள் ஏறப்போவது அதே சாலையில்தான்.

படகும் விமானமும் வரும் நேரத்தில் டாக்சிகள் வந்து நிற்கும். இருந்தாலும் தங்குமிடத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் காத்திருக்க நேராது. பெரும்பாலான விடுதிகள் விண்ட்வர்ட்சைட் என்ற மலையூரில் உள்ளன. அமெரிக்க டாலர்தான் 2011 முதல் இங்கு நாணயம். சிறு நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாளையும் வந்த நாளைப் போலவே எண்ணி, ஊருக்குப் புறப்படும் பன்னாட்டு விமானத்துக்கு முந்தைய நாளே சிண்ட் மார்ட்டினுக்கு வந்துவிடுங்கள். சாபாவிலிருந்து விமானத்தில் கிளம்புவோர் இடப்பக்கச் சன்னலைப் பிடிப்பது நல்லது. வடக்கே திரும்பியதும் ஓடுபாதையும் அதற்கு மேல் நெளிந்தேறும் சாலையும் மேகம் போர்த்திய உச்சியும் ஒருசேரத் தெரியும். கடவுச்சீட்டை மட்டும் பைக்குள் வைத்துவிடாதீர்கள். கால் மணி நேரத்தில் சிண்ட் மார்ட்டினில் அதை மறுபடியும் கேட்பார்கள்.