ஆடிக் காற்றில் பரிசல்: மேட்டூர் அணையில் வலை போடுவதும் எடுப்பதும்

கொளத்தூர்ப் பக்கம் பண்ணவாடியிலோ கோட்டையூரிலோ ஆடி மாதத்தில் கரையில் நின்று பார்த்தால், ஓரத்துத் தண்ணீர் பெரும்பாலும் அசையாமல்தான் கிடக்கும். அதை நம்பிப் பரிசலைத் தள்ளுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பருவத்தில் அடிப்பது மேல்காற்று, மேற்கிலிருந்து வருவது. நாம் நிற்பது மேற்குக் கரை. காற்று நம் முதுகுக்குப் பின்னாலிருந்து மேட்டையும் மரங்களையும் தாண்டி வந்து, கொஞ்சம் தள்ளித்தான் தண்ணீரில் இறங்குகிறது. அங்கிருந்து எதிரே தருமபுரி மாவட்டத்து நாகமரை வரைக்கும் அலை வளர்ந்துகொண்டே போகும். போகும்போது துடுப்பே வேண்டாம் போலிருக்கும். திரும்பும்போதுதான் தோள்பட்டை பதில் சொல்லும். ஆகவே இந்தப் பருவத்தில் எந்த வேலையையும் திரும்பி வரும் வழியிலிருந்து யோசிக்க வேண்டும். வலையின் எந்த முனையை முதலில் இறக்குவது என்பதும் அதில் அடக்கம்.

அணையில் வலை போட மீன்வளத் துறை உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவருடன் துணைக்குப் போகிறவர்களுக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

இந்தக் காற்றில் ஏன் போக வேண்டும் என்றால், புதுத்தண்ணீர் வரும் காலமும் இதுதான். கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்துவிட்டால் ஒகேனக்கல் வழியாகக் கலங்கல் தண்ணீர் இறங்கும். கலங்கலில் மீனின் கண்ணுக்கு வலை தெரியாது. நீர்மட்டம் ஏற ஏற, கோடையில் காய்ந்து புல் முளைத்திருந்த கரை மூழ்கும். கெண்டை, அரஞ்சான், ரோகு, ஜிலேபி எல்லாம் அங்கே மேய வரும். மீனே கரையோரம் தேடி வரும்போது நடு அணைக்குப் போய் அலையில் ஆடுவது வீண். காற்று மறைவில், 3 முதல் 8 மீட்டர் ஆழத்தில் போட்டால் போதும்.

காற்றைப் படிப்பது

கரையோரத் தண்ணீரைப் பார்க்காதீர்கள், தூரத்தில் பாருங்கள். அலை நுனியில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். எங்கு பார்த்தாலும் வெள்ளை என்றால் 20 ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்குப் பரிசல் கவிழ்ந்தபடி கரையிலேயே கிடக்கட்டும். வழக்கமாக விடியலுக்கு முன் காற்று தணிந்திருக்கும், காலை 9 மணிக்கு மேல் ஏறும், பிற்பகலில் உச்சம், பொழுது சாய்ந்த பின் இறங்கும். மாலை 6 மணி வாக்கில் போட்டு, விடியற்காலை 5 மணிக்கு எடுக்கத் தொடங்கி, 8 மணிக்குள் கரையேறிவிடும் ஏற்பாடே நல்லது.

மாலையில் காற்று விடாத நாளில், காலையில் எடுத்த கையோடு மறுபடி போட்டுவிடலாமே என்று தோன்றும். மறுநாள் வரை கிடக்கும் வலையில் முதலில் சிக்கிய மீன் ஊறி, செவுள் வெளுத்து, வயிறு மெத்தென்று ஆகியிருக்கும். மிச்சத்தை ஆமையும் நீர்நாயும் பார்த்துக்கொள்ளும், வலையையும் சேர்த்துக் கிழித்துவிட்டு. அப்படிப்பட்ட நாளில் வலை வீட்டில் இருப்பதே லாபம்.

பரிசலைத் தயார் செய்வது

பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடியில் தண்ணீரைப் பிடித்து நிற்க எதுவும் இல்லாததால் காற்று அதைத் தள்ளுவதோடு சுற்றவும் வைக்கும். துடுப்பைப் பக்கவாட்டில் போட்டால் சுழற்சி கூடும். போக வேண்டிய திசையில் நேர் முன்னால் துடுப்பை ஊன்றி, நம்மை நோக்கி இழுக்க வேண்டும். இழுப்பு சற்றே இடமும் வலமுமாக மாறி மாறி விழ வேண்டும்.

மூங்கில் பரிசலானால் தார் வெடித்த இடங்களை வெயிலில் காயவைத்து, துண்டுச் சாக்கு வைத்து மறுபடி தார் பூச வேண்டும். விளிம்பைச் சுற்றிய கட்டு உறுதியாக இருக்கிறதா பாருங்கள். வலை இழுக்கும்போது பாரம் முழுக்க அங்கேதான் விழும். ஃபைபர் பரிசலில் விரிசலைச் சுற்றி நான்கு விரல் அகலம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உள்ளேயும் வெளியேயும் இரண்டு அடுக்கு மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினில் நனைத்து ஒட்ட வேண்டும். ஒரு கிலோ ரெசினுக்கு, அதைக் கெட்டியாக்கும் ஹார்டனர் 10 முதல் 20 மில்லி. சீக்கிரம் இறுக வைக்கும் கோபால்ட்டைத் தனியாகக் கலக்க வேண்டிய ரெசினானால் முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்டனர். இரண்டையும் நேருக்கு நேர் ஒன்றாக ஊற்றினால் வெடிக்கும். ஈரத்தின் மேல் ஒட்டினால் ஒட்டு ஒரு வாரத்தில் உரிந்துவிடும்.

மூடி இறுக்கிய 20 லிட்டர் காலிக் கேன்கள் நான்கை விளிம்புக்குக் கீழே உள்பக்கமாகக் கட்டுங்கள். பரிசல் நிரம்பினாலும் மூழ்காது, பிடித்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், உடம்பில் போட்டபடி, உட்காருவதற்கு அல்ல. இன்னொரு துடுப்பு, தண்ணீர் இறைக்க வாய் அகல வெட்டிய கேன், கயிற்றில் கட்டிய கத்தி, 10 கிலோ கல்லும் 30 மீட்டர் கயிறும், வாயில் கம்பி வளையம் வைத்த ஒரு கெட்டிச் சாக்கு. இந்தச் சாக்கு எதற்கு என்பது பின்னால் வரும். பட்டன் வைத்த சட்டை வேண்டாம். பட்டனில் வலை மாட்டி ஆளையே இழுத்துவிடும்.

வலை

மீனின் செவுளுக்குப் பின்னால் உள்ள சுற்றளவை 2.5 ஆல் வகுத்தால், இழுத்துப் பிடித்த கண்ணியின், அதாவது வலைத் துளையின், அளவு கிடைக்கும். சுற்றளவு 30 சென்டிமீட்டர் என்றால் 12 சென்டிமீட்டர் கண்ணி. அனுமதி உள்ள கண்ணி அளவை மேட்டூர் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வலை வாங்குங்கள். 100 மீட்டர் நீள வலையை 50 மீட்டர் மேல்கயிற்றில் கோத்தால் கண்ணி சரியாக விரியும். விறைப்பாகக் கோத்தால் அலையின் ஒவ்வொரு இழுப்புக்கும் கண்ணி மூடும், மீன் முட்டித் திரும்பிவிடும். காற்றுக் காலத்தில் இரண்டு பேருக்கு 50 மீட்டர் துண்டு மூன்று போதும். நான்காவது துண்டு பேராசை.

போடும்போது கரைப்பக்க முனையை முதலில் இறக்க வேண்டும். 12 கிலோ கல், ஆழத்தைவிட 5 மீட்டர் கூடுதல் கயிறு. வெள்ளம் வரும் நாட்களில் அணை மட்டம் ஒரே இரவில் பல அடி ஏறும். கயிறு அளவாக இருந்தால் மிதவை தண்ணீருக்குள் போய்விடும், காலையில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கல்லை நேராகக் கயிற்றில் கட்டாமல் இடையில் ஒரு சணல் துண்டு கொடுங்கள். அடிமரத்தில் கல் சிக்கினால் சணல் அறுந்து வலை பிழைக்கும். பிறகு காற்றே பரிசலைக் கிழக்கே தள்ளும். ஒருவர் துடுப்பால் வேகத்தை மட்டுப்படுத்த, மற்றவர் வலையை விட்டுக்கொண்டே போகலாம். வெளிமுனைக்கு 5 கிலோ கல்லும், ஒளிரும் டேப் ஒட்டிய வெள்ளைக் கேனும். காற்றுக்குக் குறுக்கே போட்ட வலை வில்லாக வளைந்து உருண்டுவிடும், ஆகவே காற்றின் நீளவாக்கில்தான்.

எடுக்கும்போது இதற்கு நேர்மாறு: வெளிமுனையிலிருந்து தொடங்க வேண்டும். வலையைப் பிடித்து இழுக்க இழுக்கப் பரிசல் தானே கரைப்பக்கம் ஏறும். வேலை முடியும்போது கரைக்குப் பக்கத்தில் இருப்பீர்கள். கரைமுனையிலிருந்து தொடங்கினால் பரிசல் வலை மேல் ஏறி, வலை அடியில் சுருண்டு, கடைசி மீன் வரும்போது ஆழத்தில் காற்றோடு நிற்பீர்கள்.

இழுப்பவர் விளிம்பில் உட்காரக் கூடாது. நடுவில் முழங்காலிட்டு, கையை மட்டும் நீட்ட வேண்டும். துடுப்புக்காரர் எதிர்ப்பக்கம் பாரம் கொடுத்து உட்கார வேண்டும். அலை ஏறும்போது கையை நிறுத்தி, இறங்கும்போது இழுங்கள். ஏறும்போது இழுத்தால் விளிம்பு தண்ணீருக்குள் போகும். உள்ளே 20 லிட்டர் தண்ணீர் நின்றாலே 20 கிலோ பாரம் சாய்ந்த பக்கமாக ஓடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இறையுங்கள்.

பண்ணவாடியில் இன்னொரு சங்கதி. 1934இல் அணை கட்டி முடிந்தபோது மூழ்கிய ஊர்களின் சுவர்கள் அடியில் உள்ளன. மட்டம் நன்றாக இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். வெளியே தெரிவதாலும் ஆழத்தில் கிடப்பதாலும் ஆபத்து இல்லை. மட்டம் ஏறி அவை ஒன்றிரண்டு அடிக்குள் மறைந்திருக்கும் சில நாட்கள்தான் மோசம். கோடையிலேயே இடத்தைக் கரை அடையாளத்தோடு குறித்து வையுங்கள். வலை அங்கே சிக்கி, அலை பரிசலைத் தூக்க, விளிம்பு அமுங்கினால் யோசிக்காமல் கத்தி. அணைச் சுவருக்கும் 16 கண் மதகுக்கும் பக்கத்தில் போகவே கூடாது.

திரும்ப முடியாவிட்டால்

கிளம்பிய 50 மீட்டரிலேயே ஒரு முறை கரையை நோக்கித் துடுப்புப் போட்டுப் பாருங்கள். பக்கவாட்டில், ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு அடையாளங்களைப் பார்த்து, பரிசல் முன்னேறுகிறதா என்று கவனியுங்கள். இரண்டு பேர் போட்டும் நகரவில்லை என்றால் அங்கிருந்தே காற்று மறைவுக்குள் ஒதுங்கிக் கரையேறுங்கள்.

வெளியே போன பிறகு காற்று ஏறிவிட்டால் எதிர்த்துப் போட்டுக் களைத்துப்போகாதீர்கள். ஆழம் 10 மீட்டருக்குள் என்றால் கல்லை இறக்கி, 30 மீட்டர் கயிற்றையும் விட்டுக் காத்திருக்கலாம். ஆழம் அதிகமானால் வளையம் வைத்த சாக்கை 5 மீட்டர் கயிற்றில் காற்று வரும் பக்கம் விடுங்கள். சாக்கு தண்ணீரை அள்ளிப் பிடித்துக்கொள்ளும். பரிசல் சுற்றுவது நிற்கும், ஓட்டம் பாதியாகும். அப்படியே கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர்வது தோல்வி அல்ல. பாறையை விட்டு, சரிவான மண் கரையாகப் பார்த்து ஒதுங்குங்கள். கால் தரையில் படும் வரை எழுந்து நிற்க வேண்டாம். கரை தெரிந்ததும் எழுந்து நின்றால் அந்தக் கடைசிப் பத்து மீட்டரில்தான் பரிசல் கவிழும்.

ஆவணி கடைசியில் மேல்காற்று தளர்ந்துவிடும். அப்புறம் பயப்பட வேண்டியது மாலை இடிமழை. மழைக்கு முன்னால் வரும் காற்று எந்தத் திசையிலிருந்தும் அடிக்கும், அதனால் மேலே சொன்ன கரைக் கணக்கு அப்போது செல்லாது. இடிச் சத்தம் கேட்டதும் கரை. புரட்டாசியில் பாதிப் பேர் கவுச்சி தொடமாட்டார்கள், விலையும் விழும். வலையைப் பிரித்துக் கிழிசல் கட்ட அதுவே நல்ல மாதம்.

மீனைச் சேலத்துக்கு அனுப்புவதானால் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ ஐஸ், பெட்டியின் அடியில் ஓர் அடுக்கு, மீனுக்கு மேலே ஓர் அடுக்கு. உருகிய தண்ணீர் வடியப் பெட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும்.