கிரேஃபிஷ் தொட்டியில் நெரிசல்: சண்டையைக் குறைக்கும் வழி

ஒரே தொட்டியில் பல கிரேஃபிஷ் (பெரிய கொடுக்குகள் கொண்ட, இறால் போன்ற நன்னீர் உயிரினம்) வளர்ப்பவர்கள் முதலில் லிட்டர் கணக்கை விட வேண்டும். கிரேஃபிஷ் தொட்டியின் அடித்தரையில் நடமாடும் உயிரினம். தரைப் பரப்புதான் கணக்கு. 60×30 செ.மீ. தரையில் 10 செ.மீ. நீளமுள்ள ஒன்றை நிம்மதியாக வளர்க்கலாம். இரண்டு என்றாலே கவனம் தேவை.

இரண்டு எதிர்ப்பட்டால் கொடுக்குகளை விரித்து உயர்த்திக் காட்டும். எதுவும் விலகாவிட்டால் கொடுக்கோடு கொடுக்கு பூட்டித் தள்ளும். தோற்றது வாலை மடக்கி அடித்துப் பின்னோக்கிப் பாய்ந்து தப்பும். இதற்கிடையே உணர்கொம்புகளின் அடியிலுள்ள துளைகள் வழியாகச் சிறுநீரை எதிராளி பக்கம் வெளியிடும். அந்த வாசனையில்தான் எதிராளியின் நிலை தெரிகிறது. சிறுநீர் வெளிவராமல் தடுத்த ஆய்வுகளில் சண்டை நீண்டது.

இப்படி யார் பெரியவர் என்று முடிவானதும் தோற்றது ஒதுங்கிக்கொள்ளும், சண்டை தணியும். நெரிசலில் கெடுவது இந்த இடம்தான்: ஒதுங்க இடமில்லை. திரும்பிய பக்கமெல்லாம் வென்றதே நிற்கும். துரத்தப்படுவது இரை தேட வெளியே வராது. உணர்கொம்பும் காலும் ஒவ்வொன்றாக இழக்கும்.

அதனால் மறைவிடம்தான் முதல் வேலை. நான்கு கிரேஃபிஷ் இருந்தால் ஆறு மறைவிடம் வையுங்கள். உடல் இறுக்கமாக நுழையும் அளவுள்ள பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். இரு முனையும் திறந்திருக்கட்டும். ஒரு முனை மூடியிருந்தால் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஒன்றின் வாயிலிலிருந்து மற்றது தெரியாதபடி இடையில் கல்லோ மரக்கட்டையோ வையுங்கள். பார்வையை மறிப்பது இடத்தைக் கூட்டுவதற்குச் சமம் என்றே சொல்வேன்.

அளவு பார்த்துச் சேருங்கள். சம அளவுள்ளவை ஆரம்பத்தில் நீண்ட நேரம் மோதும், உண்மைதான். ஆனால் பெரியதும் சிறியதும் கலந்தால் சிறியது ஓடு உரிக்கும் (வளர்வதற்காகப் பழைய ஓட்டைக் கழற்றும்) நாளில் இரையாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடுங்கள். ஏற்கெனவே குழாயைப் பிடித்துக்கொண்டது, பின்னால் வருவதை விடாது.

இரையை ஒரே மூலையில் போடாமல், இருட்டும் நேரத்தில் பல இடங்களில் தூவுங்கள். மிச்சத்தை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள்; அழுகினால் நீரில் நச்சான அம்மோனியா ஏறும்.

ஓடு உரித்த கிரேஃபிஷ் மெத்தென்றிருக்கும், எதிர்க்கவும் முடியாது. மற்றவை கடித்துத் தின்னும். உடனே துளையிட்ட தனிப்பெட்டிக்கு மாற்றி, ஓடு கெட்டிப்படும்வரை சில நாள் வையுங்கள். உரித்த ஓட்டையும் அதோடே போடுங்கள். அதைத் தின்று சுண்ணாம்புச் சத்தை மீட்டுக்கொள்ளும்.

இரவில் மங்கலான சிவப்பு விளக்கில் பத்து நிமிடம் கவனியுங்கள். கொடுக்கை உயர்த்தியதும் ஒன்று விலகினால், யார் பெரியவர் என்ற வரிசை நிலைத்துவிட்டது. சில நாள் ஆகியும் கொடுக்குப் பூட்டு தொடர்ந்தாலோ, ஒன்று எப்போதும் நீர்மட்டத்துக்கருகே ஏறி நின்றாலோ, எண்ணிக்கையைக் குறையுங்கள். முதலில் பிரிக்க வேண்டியது அடிபடுவதை. இழந்த கொடுக்கு அடுத்தடுத்த ஓடு உரிப்புகளில் சிறிதாக முளைத்து வளரும். அதுவரை அதை மற்றவற்றோடு விடாதீர்கள். பிரித்தவற்றைக் குளத்திலோ ஆற்றிலோ விடவே கூடாது. அங்குள்ள உயிர்களை அவை அழித்துவிடும், நோயையும் பரப்பும்.