ஆற்றுப் பள்ளத்தாக்குக் காட்டில் சைக்கிள் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையேறச் செல்பவருக்குக் கடினமான பகுதி முதலில் வந்துவிடுகிறது; களைத்துப்போனால் பாதியிலேயே திரும்பி, இறக்கத்தில் உருண்டு வீடு சேரலாம். ஆற்றுப் பள்ளத்தாக்கில் இந்த வரிசை தலைகீழானது. நகரத்துச் சாலை மேட்டில் முடிந்துவிட, பூங்காவின் பாதை அங்கிருந்து மரங்களுக்கு நடுவே இறங்கி ஆற்றங்கரையை அடைகிறது. முதல் பத்து நிமிடங்கள் பெடலை மிதிக்காமலேயே கழிகின்றன. அந்தச் சுகத்தில் மயங்கி, கால்களில் தெம்பு இருக்கும்வரை ஆற்றோடு போய்க்கொண்டே இருப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. 60 மீட்டர் இறங்கினோம் என்றால், திரும்பும்போது ஏறத்தாழ இருபது மாடிக் கட்டடத்தின் உயரத்தை ஏறியாக வேண்டும். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் என்ற சரிவில் அது ஒரு கிலோமீட்டர் ஏற்றம். எனவே கையிலுள்ள தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை அந்த ஏற்றத்துக்கென்றே ஒதுக்கி வைப்பது நல்லது. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே இலகுவான கியருக்கு மாறிவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் முழு பலத்துடன் மிதித்தபடி கியரை மாற்றினால் செயின் கழன்றுகொள்ள வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது தவறு கணக்கில் நேர்வது. இரு முனைகளுக்கு இடையிலான நேர்தூரத்தைப் போல ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ நீளும் ஆற்றையே வளைந்தோடும் ஆறு என்று நிலவியல் அறிஞர்கள் வகைப்படுத்துகிறார்கள். கரையை ஒட்டிச் செல்லும் பாதையும் அப்படியே நீளும் என்பதால், வரைபடத்தில் விரலால் அளந்த 10 கிலோமீட்டர் தரையில் 15 ஆகிவிடுகிறது. சாலையில் மணிக்கு 18 கிலோமீட்டர் ஓட்டுபவர், வேரும் கல்லும் நிறைந்த காட்டுப் பாதையில் 10 கிலோமீட்டர் ஓட்டினாலே அதிகம். அரை மணி நேரம் என்று நினைத்தது ஒன்றரை மணி நேரமாவது இப்படித்தான். பாலங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வைக்காமல் இறங்குவதும் இதே வகைத் தவறு. மறுகரையில், கல்லெறியும் தூரத்தில், நான் வந்த பாதை கண்ணுக்குத் தெரிய, ஆற்றைக் கடக்க வழியில்லாமல் பாலத்தைத் தேடி இருட்டும்வரை மிதித்த மாலை ஒன்று எனக்கும் உண்டு. கைப்பேசியை மட்டும் நம்பியதன் பலன் அது. அடர்ந்த கிளைகளும் இருபுறச் சரிவுகளும் செயற்கைக்கோள் சமிக்ஞையை மறைத்தும் சிதறடித்தும் விடுவதால், திரையில் நம் இருப்பிடம் சில சமயம் எதிர்க்கரையில்கூடக் காட்டப்படும். தொடர்பு கிடைக்காத இடத்தில் அதைத் தேடித் தேடியே மின்கலம் தீர்ந்துவிடுவதும் உண்டு. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொண்டு, பாலங்களை ஒரு தாளிலும் குறித்துக்கொள்வது பழைய பழக்கமே என்றாலும் பயனுள்ளது.

வெளிச்சத்தைப் பற்றிய தவறு அதிகம் பேசப்படுவதில்லை. மேட்டில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மேற்குச் சரிவு சூரியனை மறைத்துவிட, கீழே அந்தி தொடங்கிவிடுகிறது. பகலிலும், வெட்டவெளியிலிருந்து மரநிழலுக்குள் நுழையும் அந்தச் சில விநாடிகளில் கண் பழகாததால், இலைகளின் ஊடே விழும் ஒளித்திட்டுகளுக்கு நடுவே ஒரு குழி இருந்தாலும் தெரியாது. நிழல் தொடங்கும் இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதும், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுவதும் போதுமானவை.

பாதையின் தரையைப் படிக்கத் தெரியாததே விழுந்து அடிபடுவதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது. ஆறு ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கக் கரையை அரித்து, உட்பக்கத்தில் மணலைச் சேர்த்துக்கொண்டே போகிறது. வெளிப்பக்கத்தில் புல் மூடிய விளிம்பு உறுதியாகத் தோன்றினாலும் அதன் அடியில் மண் இல்லாமல் இருக்கலாம். படம் எடுப்பதற்காக அந்த விளிம்புவரை சைக்கிளை உருட்டிச் செல்லக் கூடாது. உட்பக்கத்தில் ஆபத்து வேறு: கெட்டியான பாதை திடீரென்று மணலாகி, முன்சக்கரம் புதைந்து ஹேண்டில் பக்கவாட்டில் திரும்பிவிடும். அப்போது பதறி முன்பிரேக்கைப் பிடிப்பவர் விழுவது ஏறக்குறைய உறுதி. உடல் பாரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், ஒரே சீராக மிதித்துக் கடப்பதே முறை. ஈரமான வேர்களும் மரப்பாலத்துப் பலகைகளும் எண்ணெய் தடவியது போல வழுக்குபவை. அவற்றைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் அவற்றின் போக்கிலேயே இழுத்துக்கொண்டு போகும். ஆகவே முடிந்தவரை செங்குத்தாக, பிரேக் பிடிக்காமல், திரும்பாமல் கடக்க வேண்டும். ஈரச் சருகு மெத்தையில் வளைவதும் அப்படிப்பட்டதே.

சாலைக்கு நிரப்பிய அதே காற்றழுத்தத்தோடு டயரைக் காட்டுக்குள் கொண்டுவருவது சிறு தவறுதான், ஆனால் ஒவ்வொரு கல்லும் அதை நினைவூட்டும். அழுத்தத்தைச் சிறிது குறைத்தால் டயர் தரையோடு அதிகமாக ஒட்டி, பிடிமானம் கூடும். அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டால், கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி, பாம்பு கடித்தது போல இரட்டைத் துளை விழும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகாமல் இருப்பதும், மாற்று டியூபும் பம்பும் உடன் வைத்திருப்பதும் இதற்குத் தீர்வு.

ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதானே என்று சைக்கிளோடு இறங்குபவர்கள், தலைக்கு மேலே வானம் தெளிவாக இருப்பதையே பார்க்கிறார்கள். மழை பெய்திருப்பது மேல்நீர்ப் பகுதியிலாக இருக்கலாம். அந்த நீர் சில மணி நேரம் கழித்து இங்கே வந்து சேரும். வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் நீரே வளர்ந்தவர் ஒருவரைக் காலிடறச் செய்யப் போதுமானது. தெளிந்திருந்த நீர் கலங்கினாலோ, சருகும் குச்சிகளும் மிதந்து வந்தாலோ கடக்காமல் மேட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

நடப்பவர்களுக்குப் பின்னால் வரும்போது, தொலைவிலேயே மணியடிக்க வேண்டும்; முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் அவர்கள் திடுக்கிட்டு எந்தப் பக்கம் விலகுவார்கள் என்று சொல்ல முடியாது.

மழை விட்ட மறுநாளே கிளம்புவதும் சரியன்று. களிமண் பாதையில் அப்போது பதியும் சக்கரத் தடம் காய்ந்து இறுகி, அடுத்த மழைக்கு வாய்க்காலாகி, பாதையையே அரித்துவிடுகிறது. சைக்கிளும் தப்புவதில்லை: டயருக்கும் சட்டத்துக்கும் இடையே சேறு அப்பிச் சக்கரம் சுழல மறுக்கும், ஆற்று மணல் செயினின் எண்ணெயோடு கலந்து உப்புத்தாள் போலப் பற்களைத் தேய்க்கும். அதன்மேலேயே மீண்டும் எண்ணெய் விடுவது தேய்மானத்தைத்தான் கூட்டும். முதலில் செயினைத் துணியால் துடைத்துக் காயவைத்து, பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, மிஞ்சியதையும் துடைத்தெடுக்க வேண்டும்.